படை வாபஸ் விவாதத்தில் ஜெயிப்பது எப்படி?

மேலநீலிதநல்லூர் டீக்கடைகளுக்கான எளிய கையேடு

விவாதம் நம் மண்ணுக்குப் புதிதல்ல. சிவன் பெரியவரா, பெருமாள் பெரியவரா என்று நாக அரசர்களான சங்கனும் பதுமனும் ஓயாமல் மல்லுக்கட்ட, அம்பாள் தவமிருந்து, சுவாமி தன் உடம்பில் பாதியைப் பெருமாளுக்குக் கொடுத்துச் சங்கரநாராயணராக வந்து நின்ற பிறகுதான் அந்த வழக்கு தீர்ந்தது. வருஷா வருஷம் ஆடித்தபசுக்குச் சங்கரன்கோவில் போய் அந்தத் தீர்ப்பைத் தரிசித்துவிட்டு வருகிறோம். வந்த மறுநாளே மேலநீலிதநல்லூர் டீக்கடையில் அடுத்த வழக்கை எடுத்துவிடுகிறோம்.

ஆனால் ஒரு தலைப்பில் மட்டும் நம்மவர்கள் இன்னும் தடுமாறுகிறார்கள். ஒரு பெரிய நாடு அயல்மண்ணில் படையை இறக்குகிறது. அங்கே ஒரு கூட்டத்தாரைத் தன்னோடு சேர்த்துக்கொண்டு துப்பாக்கி கொடுக்கிறது. ஒருநாள் படை ஊர் திரும்புகிறது. துப்பாக்கி வாங்கியவர்கள் எதிரியின் முன்னால் தனியாக நிற்கிறார்கள். இது சரியா, தவறா?

தென்காசி மாவட்டம் உதயமாக ஒரு மாதமே இருந்த 2019 அக்டோபரில், உலகம் இதைத்தான் பேசியது. அக்டோபர் 6 அன்று டிரம்ப் துருக்கி அதிபர் எர்டோகனோடு போனில் பேசினார். வடசிரியா எல்லையிலிருந்து அமெரிக்கப் படை நகர்ந்தது. 9ஆம் தேதி துருக்கி விமானங்கள் குர்துகள் மேல் குண்டு வீசின. அதுவரை ஐ.எஸ். அமைப்பை எதிர்த்து அமெரிக்காவுக்காகத் தரையில் நின்று சண்டை போட்டவர்கள் அந்தக் குர்துகள்தான்.

அது எங்கேயோ சிரியாவில் என்று விட்டுவிடலாம். ஆனால் இதே கதை 1990இல் ராமேஸ்வரத்துக்கு அக்கரையில் நடந்திருக்கிறது. போன படை நம்முடையது. நின்றவர்கள் தமிழர்கள். ஆகவே இந்த விவாதத்தில் தோற்றுப்போனால் அசிங்கம். தோற்காமல் இருக்கக் கீழ்க்கண்ட படிகளை வரிசை மாறாமல் பின்பற்றவும்.

தேவையானவை

டீக்கடை ஒன்று. தினத்தந்தி ஒன்று, நடுப்பக்கம் வேறு யார் கையிலோ இருக்க வேண்டும். முன்னாள் ராணுவத்தார் ஒருவர். செல்போன் வைத்திருக்கும் கல்லூரி மாணவர் ஒருவர். பசும்பொன் தேவர் கல்லூரி பக்கத்திலேயே இருப்பதால் தட்டுப்பாடு வராது. வரைபடம் வேண்டாம். திருகோணமலையும் அம்பாறையும் எங்கே இருக்கின்றன என்று எல்லோருக்கும் தெரிந்துவிட்டால் பேச்சு திசை மாறிவிடும்.

படி 1: தேதியைப் பிடித்துக்கொள்ளுங்கள்

பேச்சை எப்போதும் தேதியிலிருந்து தொடங்குங்கள். மனிதர்களிலிருந்து தொடங்கினால் கதை கந்தலாகிவிடும்.

இலங்கை அதிபர் பிரேமதாசா, 1989 ஜூலை 29க்குள் இந்திய அமைதிப்படை வெளியேற வேண்டும் என்று அந்த வருஷம் ஜூன் 1 அன்று கெடு வைத்தார். 1987இல் ராஜீவ் காந்தியும் ஜெயவர்த்தனாவும் கையெழுத்துப் போட்டு, அந்தப் படை அங்கே போகக் காரணமான ஒப்பந்தத்துக்கு அந்த ஜூலை 29ஓடு இரண்டு வயது. ராஜீவ் மசியவில்லை. கடிதத்துக்கு மேல் கடிதம் போனது. செப்டம்பர் 18 அன்று ஓர் உடன்பாடு: டிசம்பர் 31க்குள் முடித்துவிட முழு முயற்சி எடுப்போம் என்றார்கள். அதற்குள் இந்தியாவில் தேர்தல் வந்து ராஜீவ் போய் வி.பி.சிங் வந்தார். புதுக் கெடு மார்ச் 31. கடைசி அணி திருகோணமலையை விட்டுக் கிளம்பியது 1990 மார்ச் 24 அன்று.

இதை இப்படிச் சொல்ல வேண்டும்: “சொன்ன தேதிக்கு ஒரு வாரம் முன்னாடியே கிளம்பிட்டாம்லா நம்ம ஆளு!” அந்த ஒரு வாரம் பாக்கியிருந்தால் யாருக்குப் பயன்பட்டிருக்கும் என்று ஒருவரும் கேட்க மாட்டார்கள். அரசாங்க வேலை ஒன்று முன்கூட்டியே முடிந்துவிட்டது என்ற அதிர்ச்சியிலேயே இருப்பார்கள்.

வெளிநாட்டு உதாரணம் வேண்டுமானால் 2021 காபூல். ஆகஸ்ட் 31 கெடு. அந்த நாள் பிறக்க ஒரு நிமிஷம் இருக்கும்போது கடைசி அமெரிக்க விமானம் ஏறிவிட்டது. மொழிபெயர்ப்பாளர்களாகவும் ஓட்டுநர்களாகவும் அவர்களிடம் வேலை பார்த்தவர்களில் எத்தனையோ பேர் கையில் காகிதத்தோடு விமான நிலைய வாசலில் நின்றார்கள். ஆனால் கெடு தப்பவில்லை. அதுதானே முக்கியம்.

படி 2: ‘நம்ம பிள்ளைகள்’ யார் என்று முதலிலேயே வரம்பு கட்டுங்கள்

இலங்கையில் உயிர்விட்ட இந்திய வீரர்கள் 1,100க்கும் மேல். இந்த எண்ணிக்கையை எடுத்ததும் சொல்லிவிடுங்கள். உண்மையான துக்கம் அது. ஊரில் யாரும் அதற்கு எதிராக வாய் திறக்க மாட்டார்கள். திறக்கவும் கூடாது.

வேறு கணக்கு எதுவும் இதன் பக்கத்தில் வந்து உட்காராமல் பார்த்துக்கொள்வதுதான் உங்கள் வேலை. முக்கியமாக, தமிழ் தேசிய ராணுவம் என்ற பெயரை யாரும் எடுத்துவிடக் கூடாது. 1989இல், படை கிளம்பப் போகிறது என்று தெரிந்ததும், வடகிழக்கு மாகாண அரசைக் காப்பாற்ற அவசர அவசரமாகச் சேர்க்கப்பட்ட படை அது. இந்தியா ஆயுதம் கொடுத்தது, பயிற்சியும் கொடுத்தது. ஆள் சேர்த்தது அந்த மாகாண அரசை நடத்திய ஈ.பி.ஆர்.எல்.எஃப்.பும் அதோடு சேர்ந்த இயக்கங்களும். சேர்த்தது என்பது மரியாதைக்குச் சொல்வது. பிடித்துக்கொண்டு போனார்கள். டியூஷனுக்குக் கிளம்பிய பையன் வீடு திரும்பவில்லை. சைக்கிள் மட்டும் ரோட்டோரம் கிடந்தது. தாய்மார்கள் முகாம் வாசலில் போய் உட்கார்ந்து கெஞ்சினார்கள். உள்ளே பையனுக்கு முடியை ஒட்ட வெட்டி, சீருடை மாட்டி, துப்பாக்கியைப் பிடிக்கும் விதம் சொல்லிக்கொடுத்து, காவல் அரணில் நிறுத்தினார்கள். எதிரே வரப்போவது விடுதலைப் புலிகள். வருஷக்கணக்கில் சண்டையிலேயே ஊறியவர்கள்.

இந்தப் பையன்கள் ‘நம்ம பிள்ளைகள்’ பட்டியலில் வருவார்களா? பேசுவது தமிழ். கையில் இருப்பது இந்தியத் துப்பாக்கி. அதனால்தான் சொல்கிறேன், வரம்பை முதலிலேயே கட்டுங்கள். குர்துகள் தலைமையிலான சிரிய ஜனநாயகப் படைகளும் ஐ.எஸ்.சுக்கு எதிரான சண்டையில் சுமார் 11,000 பேரை இழந்ததாகக் கணக்குச் சொன்னார்கள். டிரம்ப் அதற்குச் சொன்ன பதிலில் ஒன்று, இரண்டாம் உலகப் போரில் நார்மண்டிக் கரையில் குர்துகள் அமெரிக்காவுக்கு உதவவில்லை என்பது. பாராட்டித்தான் ஆக வேண்டும். நம்மூர் பட்டிமன்றத்தில்கூட யாரும் அவ்வளவு தூரம் போனதில்லை.

படி 3: கூட்டாளியின் குற்றப் பட்டியலைக் கைவசம் வையுங்கள், நேரம் பார்த்து எடுங்கள்

கூட்டாளி உத்தமன் இல்லை. எந்தக் கூட்டாளியும் இல்லை. ஆகவே பட்டியல் கிடைப்பதில் சிரமமே இருக்காது.

ஈ.பி.ஆர்.எல்.எஃப். பட்டியல் நீளம். 1988 நவம்பரில் மாகாண சபைத் தேர்தல் நடந்தபோது வடக்கில் போட்டியே கிடையாது. வேட்பாளர்கள் அப்படியே தேர்வானார்கள். 71 இடங்களில் 41 அவர்களுக்கு. டிசம்பரில் வரதராஜப் பெருமாள் முதலமைச்சர். யாழ்ப்பாணத்தில் அவர்களுடைய ஆயுதக் குழுவான ‘மண்டையன் குழு’வின் பெயரைக் கேட்டால் கதவைச் சாத்துவார்கள். பையன்களைப் பிடித்துக்கொண்டு போனதை மேலே பார்த்தோம். எல்லாம் உண்மை.

இந்த உண்மையைப் பயன்படுத்துவதில் ஒரே ஒரு விதி: போகும்போதுதான் நினைவுக்கு வர வேண்டும். அந்தத் தேர்தல் இந்தியப் படையின் காவலில் நடந்தபோது நினைவுக்கு வரக் கூடாது. ஆயுதம் இறங்கியபோது வரக் கூடாது. பையன்கள் பிடிபட்டபோது, பிடித்தவர்களுக்குப் பின்னால் நின்ற படை எது என்ற கேள்வியோடு சேர்ந்து வரவே கூடாது. கப்பலில் மூட்டை ஏறும் அன்று திடீரென்று நெற்றியைத் தட்டிக்கொண்டு, “அட, இவனுவ இவ்வளவு மோசமா!” என்று வியக்க வேண்டும். 2019 அக்டோபரில் அமெரிக்க அதிபரும் அப்படித்தான், படையை நகர்த்திய பத்து நாளில், குர்துகள் ஒன்றும் தேவதூதர்கள் இல்லை என்று கண்டுபிடித்தார்.

படி 4: நான்கு திசையிலிருந்தும் ஒரே முடிவுக்கு வாருங்கள்

1989–90இல் படை கிளம்ப வேண்டும் என்பதில் அநேகமாக எல்லோரும் ஒன்று. காரணம்தான் வேறு வேறு. டெல்லிக்கு, முந்தின ஆட்சி வைத்துவிட்டுப் போன தலைவலி தீர வேண்டும். கொழும்புக்கு, தன் மண்ணில் அந்நியப் படை கூடாது, தெற்கில் ஜே.வி.பி. என்ற சிங்கள இயக்கம் அதையே சொல்லி ஊரைக் கொளுத்திக்கொண்டிருந்தது. புலிகளுக்கு, தங்களோடு மோதிய படை போக வேண்டும். சென்னைக்கு, தமிழனைக் கொன்ற படை திரும்ப வேண்டும். படை திரும்பி வந்து இறங்கியபோது வரவேற்கப் போக மாட்டேன் என்று முதல்வர் கருணாநிதி மறுத்துவிட்டார். நம் வட்டாரத்துக் கலிங்கப்பட்டிக்காரரான வைகோ, தி.மு.க. மாநிலங்களவை உறுப்பினராக இருந்துகொண்டே, 1989 பிப்ரவரியில் ரகசியமாகப் படகேறி வன்னிக்குப் போய்ப் பிரபாகரனைப் பார்த்துவிட்டு வந்தார்.

கோபத்துக்குக் காரணம் இருந்தது. அதை மறைக்க வேண்டாம். 1987 அக்டோபரில், தீபாவளி நேரத்தில், யாழ்ப்பாணப் பொது மருத்துவமனைக்குள் புகுந்து இந்தியப் படை சுட்டதில் டாக்டர்கள், நர்சுகள், நோயாளிகள் என்று அறுபதுக்கு மேல் செத்தார்கள். 1989 ஆகஸ்டில் வல்வெட்டித்துறையில் ஐம்பதுக்கு மேல். அந்தப் படை அங்கே இருந்திருக்க வேண்டும் என்று சொல்ல யாருக்கும் நாக்கு எழாது.

விவாதத்தில் ஜெயிக்க இதைவிட நல்ல இடம் கிடையாது. ‘படை போக வேண்டும்’ என்பதற்கு உங்களிடம் மறுக்க முடியாத நியாயம் இருக்கிறது. அந்த நியாயத்தையே ‘படை எப்படிப் போக வேண்டும்’ என்ற கேள்விக்கும் பதிலாக வைத்துவிடுங்கள். இரண்டும் வேறு என்று கண்டுபிடிக்கப் பொறுமை வேண்டும். டீ ஆறிப்போகும்.

கூடவே, பிரேமதாசா அரசு அந்த மாதங்களில் புலிகளுக்கே ரகசியமாக ஆயுதம் கொடுத்ததைச் சொல்லாமல் விடுங்கள். தமிழ் தேசிய ராணுவத்துப் பையன்கள் எதிர்கொண்ட துப்பாக்கிகளில் கொழும்பிலிருந்து போனவையும் இருந்தன. 1990 ஜூனில் புலிகளுக்கும் கொழும்புக்கும் மறுபடி போர் மூண்டபோது, கொடுத்தவர்களை நோக்கியே அவை திரும்பின. இது தெரிந்தால் கேட்பவர் குழம்பிவிடுவார். குழம்பியவர் யோசிக்க ஆரம்பித்துவிடுவார்.

படி 5: குழு அமைத்தாயிற்று என்று சொல்லுங்கள்

“கூட்டாளிகளுக்கு என்ன பாதுகாப்பு?” என்று யாராவது விடாப்பிடியாகக் கேட்டால் பதறாதீர்கள். குழு இருக்கிறது.

1989 செப்டம்பர் உடன்பாட்டில் இதற்கென்றே பாதுகாப்பு ஒருங்கிணைப்புக் குழு ஒன்று வைத்தார்கள். அதில் இலங்கைப் பாதுகாப்பு ராஜாங்க அமைச்சர், வடகிழக்கு முதலமைச்சர், இந்திய அமைதிப்படைத் தளபதி எல்லோருக்கும் நாற்காலி உண்டு. செப்டம்பர் 20 காலையிலிருந்து இந்தியப் படை தாக்குதல் நடவடிக்கையை நிறுத்திக்கொண்டது. மறுநாள் யாழ்ப்பாணத்தில், எல்லாத் தரப்பின் கொலைகளையும் பெயர் சொல்லிப் பதிவு செய்துகொண்டிருந்த பல்கலைக்கழக உடற்கூற்றியல் துறைத் தலைவர் ராஜினி திரணகம, சைக்கிளில் வீடு திரும்பும் வழியில் சுட்டுக் கொல்லப்பட்டார். நவம்பரில் அம்பாறையிலிருந்து படை விலகியதும் தமிழ் தேசிய ராணுவ முகாம்கள் விழத் தொடங்கின. பிறகு மட்டக்களப்பு. பிறகு வடக்கு. இந்தியப் படை ஒரு மாவட்டத்தைக் காலி செய்வதும் புலிகள் அதில் நுழைவதும் அடுத்தடுத்து நடந்தன. பையன்களில் கொல்லப்பட்டவர் பலர். துப்பாக்கியைக் கீழே போட்டுவிட்டு ஓடியவர் பலர்.

குழு இல்லாவிட்டால் ‘பொறிமுறை’ என்று சொல்லலாம். 2019 ஆகஸ்டில் சிரியாவில் அமெரிக்கா செய்தது அது. துருக்கிக்குப் பயம் வேண்டாம் என்று காட்ட, எல்லையோரம் கட்டிவைத்த காப்பரண்களை இடித்துவிடுங்கள், கனரக ஆயுதங்களைப் பின்னுக்குக் கொண்டுபோங்கள், நாங்கள் இருக்கிறோம் என்று குர்துகளிடம் சொன்னார்கள். குர்துகளும் தங்கள் கையாலேயே மண் அணைகளைத் தள்ளி, பதுங்குகுழிகளை மூடினார்கள். அமெரிக்கர்கள் பக்கத்தில் நின்று சரிபார்த்தார்கள். இரண்டு மாதம் முடிவதற்குள் அமெரிக்கர்கள் போனார்கள், துருக்கி வந்தது. விவாதத்தில் இந்தத் தகவலை எதிராளி எடுத்தால், “அவங்கள யாரு இடிக்கச் சொன்னா?” என்று கேளுங்கள். பதில் அவருக்குத் தெரியும். ஆனால் கேள்வியின் வேகத்தில் தடுமாறுவார்.

படி 6: நெற்கட்டான்செவலைப் பூலித்தேவரோடு நிறுத்திக்கொள்ளுங்கள்

உள்ளூர் வரலாறு தெரிந்தவர் யாராவது கூட்டத்தில் இருந்தால் எச்சரிக்கை. சங்கரன்கோவிலுக்கு அந்தப் பக்கம் நெற்கட்டான்செவல் இருக்கிறது. ஆற்காட்டு நவாபுக்கும் கும்பினிக்கும் வரி கட்ட மறுத்த பூலித்தேவர், மேற்குப் பாளையங்களைச் சேர்த்துக் கூட்டணி கட்டினார். திருவிதாங்கூர் அவருக்குத் துணை. 1759இல் கும்பினித் தளபதி யூசுப்கான் களக்காட்டைக் கொடுத்துத் திருவிதாங்கூரைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். துணை போனது. போனதோடு நிற்காமல் எதிர்ப்பக்கமும் நின்றது. 1761இல் நெற்கட்டான்செவல், வாசுதேவநல்லூர், பனையூர் மூன்று கோட்டைகளும் விழுந்தன.

இந்தக் கதையில் நாம் எல்லோரும் பூலித்தேவர் பக்கம். திருவிதாங்கூர் மன்னருக்கும் ‘தேச நலன்’ இருந்திருக்கும், கஜானா கணக்கு இருந்திருக்கும், எதற்கு அடுத்தவன் சண்டை என்று அரண்மனையில் யாராவது நியாயமாகவே கேட்டிருப்பார்கள் என்று எவரும் வாதாடுவதில்லை. கைவிடப்பட்டது நாமாக இருந்தால் தீர்ப்பு அரை நிமிஷத்தில் வந்துவிடுகிறது. அதனால் இந்தக் கதையை ஆவேசமாகச் சொல்லலாம், ஆனால் 1761ஓடு முற்றுப்புள்ளி வைத்துவிட வேண்டும்.

படி 7: ‘உலகமே இப்படித்தான்’ என்று பெருமூச்சு விடுங்கள்

உலக வரலாறு தெரிந்தவராகக் காட்டிக்கொள்ள இது நல்ல சந்தர்ப்பம். 1962இல் பிரான்ஸ் அல்ஜீரியாவை விட்டுக் கிளம்பியபோது, தனக்காகச் சண்டை போட்ட ஹார்க்கிகளில் பெரும்பகுதியினரை அங்கேயே விட்டது. 1975 மார்ச்சில் ஈரான் ஷாவும் சதாம் உசேனும் அல்ஜியர்ஸில் கைகுலுக்கினார்கள். மறுநாளே ஈராக் குர்துகளுக்கு ஈரானிலிருந்தும் அமெரிக்காவிலிருந்தும் வந்துகொண்டிருந்த உதவி நின்றது, அவர்கள் தலைவர் முஸ்தபா பர்சானியின் படை சிதறியது. 1991இல், சதாமை எதிர்த்து எழுங்கள் என்று வாஷிங்டனிலிருந்து குரல் வந்ததை நம்பி எழுந்த குர்துகள் மலைகளுக்கு ஓடினார்கள்.

குர்துகளுக்கு மலையைத் தவிர நண்பர் இல்லை என்று ஒரு பழமொழி உண்டு. அதை இந்த இடத்தில் சேர்த்துவிடுங்கள். கேட்க உருக்கமாக இருக்கும். நண்பனாக இருந்தவனின் கடமையை மலையின் தலையில் இறக்கிவைக்கும் வசதியும் அதில் உண்டு.

ஆனால் வாக்கியத்தை அங்கேயே முடித்துவிடுங்கள். 1991 ஏப்ரலில், மலையில் குளிரில் விறைத்த குழந்தைகளை டி.வி.யில் பார்த்த மக்கள் போட்ட சத்தத்தில், அமெரிக்காவும் பிரிட்டனும் பிரான்ஸும் வடஈராக் வானத்தில் சதாமின் விமானங்கள் பறக்கத் தடைபோட்டன என்று தொடர்ந்தால் வம்பு. 1975இல் சைகோன் விழுந்த சமயம் ஒரு லட்சத்துக்கு மேற்பட்ட வியட்நாமியர்களை அமெரிக்கா கூட்டிக்கொண்டுபோய்க் குடியமர்த்தியது என்பதும் வேண்டாம். நினைத்தால் செய்திருக்கலாம் என்று தெரிந்தவுடன் பெருமூச்சு பாதியில் நின்றுவிடும்.

படி 8: தப்பி வந்தவர்களைச் சட்டம் ஒழுங்கில் சேருங்கள்

1990 மார்ச் 1 அன்று வரதராஜப் பெருமாள், ஈழத்தைத் தனி நாடாக அறிவிக்கும் தீர்மானத்தை மாகாண சபையில் கொண்டுவந்தார். சில நாட்களில் அவரை இந்தியா கூட்டிக்கொண்டு வந்து, வருஷக்கணக்கில் வடமாநிலங்களில் காவலோடு வைத்தது. வேறு சிலரைக் கப்பலேற்றி ஒடிசாவின் மல்கன்கிரிக் காட்டுப்பக்கம் குடிவைத்தார்கள். தமிழ் தவிர வேறு பாஷை தெரியாதவர்களுக்கு அப்படி ஓர் இடத்தைத் தேடிக் கண்டுபிடித்த அதிகாரி யாரோ, வாழ்க.

தமிழ்நாட்டுக்கு வந்தவர்கள் நம் பொறுப்பில் இருந்தார்கள். கடைசிக் கப்பல் போய் மூன்று மாதம்கூட ஆகவில்லை. ஜூன் 19 அன்று, சென்னை கோடம்பாக்கம் சக்கரியா காலனியில், ஈ.பி.ஆர்.எல்.எஃப். பொதுச்செயலாளர் பத்மநாபாவையும் உடனிருந்தவர்களையும் புலிகள் சுட்டுக் கொன்றார்கள். இறந்தவர்களில் நாடாளுமன்ற உறுப்பினர் யோகசங்கரியும், மாகாண நிதியமைச்சராக இருந்த கிருபாகரனும் உண்டு.

இதை யாராவது எடுத்தால், “அது மாநில போலீஸ் தோல்வி” என்று திருப்பிவிடுங்கள். உடனே கூட்டம் கருணாநிதி, ஜெயலலிதா என்று இரண்டாகப் பிரியும். 1991 ஜனவரியில் ஆட்சி கலைந்தது, மே 21இல் ஸ்ரீபெரும்புதூரில் ராஜீவ் கொலை என்று பேச்சு வேறு ரோட்டில் ஏறிவிடும். திருகோணமலைத் துறைமுகம் கண்ணுக்கு மறைந்துவிடும்.

மாதிரி விவாதம்

முதல் முறை பேசுகிறவர்களுக்காக:

மாணவர்: மாமா, நீங்க கப்பல் ஏறும்போது அந்தப் பயலுவளும் அங்கதான் நின்னாங்களா?

முன்னாள் ராணுவத்தார்: எந்தப் பயலுவ?

மாணவர்: நாம துப்பாக்கி குடுத்தோம்லா, அவனுவ.

முன்னாள் ராணுவத்தார்: நின்னானுவ. எங்களுக்கு ஆர்டர் வந்துச்சு, ஏறுனோம். மத்தது மேல உள்ளவங்க பாத்துக்கிடுவாங்கன்னு சொன்னாங்க.

மாணவர்: பாத்துக்கிட்டாங்களா மாமா?

ஆபத்தான இடம் இதுதான். பெரியவர் டம்ளரைக் கீழே வைத்துவிட்டு யோசிக்கிறார். அவர் வாய் திறப்பதற்குள் நீங்கள் புகுந்துவிட வேண்டும். “ஏலே, அப்ப நீ பொறந்திருக்கியால?” என்று கேளுங்கள். எல்லோரும் சிரிப்பார்கள். பையன் செல்போனை எடுத்துக்கொள்வான். துப்பாக்கியோடு விடப்பட்டவர்களில் எத்தனையோ பேருக்கு அவனைவிட வயசு குறைவு என்று அவன் சொல்லியிருக்கக்கூடும். சொல்ல விடாததில்தான் உங்கள் திறமை.

அடிக்கடி எழும் சந்தேகங்கள்

அப்படியானால் படை அங்கேயே இருந்திருக்க வேண்டும் என்கிறீரா, அண்ணாச்சி?

இல்லை. போயிருக்க வேண்டும். இன்னும் முன்னாலேயே போயிருந்தாலும் தப்பில்லை. அயல்மண்ணில் நிற்கும் எந்தப் படையும் ஒருநாள் கிளம்பத்தான் வேண்டும். கிளம்பும் படைக்கு ஒரு பாக்கி இருக்கிறது என்பதுதான் விஷயம். அதை மூன்று கேள்வியில் அடக்கிவிடலாம். உன்னை நம்பித் துப்பாக்கி தூக்கியவன் அதைக் கீழே வைத்துவிட்டு உயிரோடு வீட்டுக்குப் போக வழி பேசிவைத்தாயா? வீட்டுக்குப் போக முடியாதவனுக்கும் அவன் பெண்டாட்டி பிள்ளைக்கும் கப்பலில் இடம் உண்டா? அவனை அடிக்கக் காத்திருப்பவனிடம், அவன்மேல் கை வைத்தால் உனக்கு என்னென்ன நிற்கும் என்று கிளம்புவதற்கு முன்னால் சொன்னாயா?

இந்தக் கேள்விகளை டீக்கடையில் கேட்கலாமா?

கேட்கவே கூடாது. இவற்றுக்குக் கட்சி கிடையாது. கேட்டவுடன் நான்கு திசைக்காரர்களும் ஒரே நேரத்தில் உங்களை முறைப்பார்கள். தோல்வி நிச்சயம்.

தோற்றாலும் பரவாயில்லை, கேட்டே தீருவேன் என்றால்?

உமது இஷ்டம். ஆனால் படை மூட்டை கட்டும் அன்று கேட்டால் காலம் கடந்துவிட்டது என்பார்கள், அது உண்மையாகவும் இருக்கும். 1990இல் அப்படி, 2019இல் அப்படி, 2021இல் அப்படி. ஆகவே அடுத்த முறை ஏதோ ஒரு நாடு ஏதோ ஓர் ஊர்ப் பையன் கையில் துப்பாக்கியைக் கொடுத்து, போட்டோ எடுத்து, நம் நண்பன் என்று முதல் பக்கத்தில் போடுகிறதே, அன்றைக்குக் கேளும். அன்று எல்லோரும் கைதட்டிக்கொண்டிருப்பார்கள், நீர் ஒருத்தர்தான் தோற்பீர்.